சிரிக்காத அண்ணன்

அத்தியாயம் 6

திங்கட்கிழமை மத்தியானம் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியதிலிருந்து அருள்மேரியின் மனத்தை ஒரே விஷயம்தான் அரித்துக்கொண்டிருந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

ஐந்தரை வருடம் கழித்து வந்த தங்கை அவள். மஸ்கட்டில் நர்ஸ். கணவனையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டு, ஒரு மாத விடுப்பில் தனியாக வந்திருக்கிறாள். அண்ணன் மிக்கேல்ராஜ் முன்னால் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "சாப்டியாம்மா?" என்று கேட்டார். அதோடு சரி. குடவாசல் வந்து சேரும்வரை தானாக வாய் திறக்கவில்லை. கேட்டதற்குச் சொன்ன ஒன்றிரண்டு பதிலும் பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் காதில் விழவில்லை.

காரணம் தனக்குத் தெரியும் என்று அருள்மேரி நினைத்தாள். அம்மா இறந்தது கொரோனா சமயத்தில். விமானம் எதுவும் ஓடவில்லை. நாலே பேரோடு அண்ணன் அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோனார். அருள்மேரி மஸ்கட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு போனில் பார்த்தாள். அதற்கு அவள் என்ன செய்வாள்? ஆனால் விமானங்கள் ஓடத் தொடங்கிய பிறகும் அவள் வரவில்லை. வருடத்துக்கு ஒரு காரணம் சொன்னாள். அம்மா இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கப் பயமாக இருந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த முறை வராமல் இருக்க முடியாது. அண்ணன் மகன் லியோவுக்குப் பெண் அமைந்திருக்கிறது. தஞ்சாவூர்க்காரர்கள், நல்ல குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள். சென்னையில் வேலை செய்யும் லியோ சனிக்கிழமை வந்துவிடுவான். வீடெல்லாம் சுண்ணாம்பு வாசனை. அத்தனை கலகலப்புக்கு நடுவிலும் அண்ணன் உம்மென்றுதான் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை அம்மா கல்லறைக்குப் போனபோது அருள்மேரி குலுங்கிக் குலுங்கி அழுதாள். பக்கத்தில் நின்ற அண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அன்றிரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணி செசிலி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். அண்ணன் ஓட்டும் பள்ளி வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குக் காய்ச்சலாம். இன்றைக்கு ஒரு நாள் அருள்மேரி கூடப் போய்வர முடியுமா என்று கேட்டாள். மிக்கேல்ராஜ் உடனே வேண்டாம் என்றார். ஊருக்கு வந்த பிள்ளையை வேலை வாங்குவதா என்று முனகினார். செசிலி விடவில்லை.

"பதினெட்டுப் புள்ளைங்க. ஏத்தி எறக்க ஆள் வேணாமா? அருளு போகட்டும்."

அருள்மேரிக்கும் அது சரியாகப் பட்டது. அண்ணனோடு தனியாகப் பேச வழி கிடைத்ததே. மன்னிப்புக் கேட்பதென்றால் வேனிலேயே கேட்டுவிடலாம்.

அந்த மஞ்சள் வேன் மிக்கேல்ராஜின் சொந்த வண்டி. தனியார் பள்ளி ஒன்றுக்கு ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாக அவர்தான் டிரைவர், அவர்தான் முதலாளி. ஆரம்பத்தில் அவர் வேனில் போன பிள்ளைகளில் சிலர் இப்போது தங்கள் பிள்ளைகளை அவரிடம் அனுப்புகிறார்கள். டிரைவர் மாமா என்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும்.

பள்ளிவாசல் தெரு முனையில் வேன் நின்றது. தன் வீட்டு வாசலில் ஆமினா நின்றுகொண்டிருந்தாள். அருள்மேரியோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, ஏறாத ஆஸ்பத்திரியெல்லாம் ஏறி, நாற்பது வயதில் ஒரு பெண்ணைப் பெற்றாள். அந்தத் தஹ்மீனாவுக்கு இப்போது ஒன்பது வயது. நாலாவது படிக்கிறாள்.

"அருளு, ஸ்கூல்ல விட்டுட்டு நேரா இங்க வந்துரு. ஒனக்குத்தான் ஒல வச்சிருக்கேன்," என்றாள் ஆமினா. முந்தின நாளே பேசிவைத்த விருந்துதான்.

தஹ்மீனா ஏறி, டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வேன் இன்னும் கிளம்பக்கூட இல்லை. அருள்மேரி முன்சீட்டிலிருந்து திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை கையை எடுக்கவில்லை.

தை மாதக் கடைசி. சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயல்களில் வைக்கோல் உருளை உருளையாகக் கிடந்தது. தார்ச்சாலையில் பாதிக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். வண்டிகள் மேலே ஏறிவிடாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருந்தார்கள். மீதிப் பாதியில்தான் போக்குவரத்து எல்லாம்.

எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று அருள்மேரி யோசித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே..." என்று வாயெடுத்தபோதுதான் எதிரே வளைவில் அந்த அறுவடை இயந்திரம் வந்தது.

பெரிய இயந்திரம். சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. நிறுத்துவதற்குத் தாராளமாக இடம் இருந்தது, நேரமும் இருந்தது. மிக்கேல்ராஜும் பார்த்துவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை இறுகியதை அருள்மேரி கவனித்தாள். ஆனால் வேன் போய்க்கொண்டே இருந்தது.

அவள் கீழே பார்த்தாள். அண்ணனின் வலது கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழவில்லை. எழ நினைக்கிறது, முட்டி அசைகிறது, பாதம் மட்டும் ஒட்டிவைத்ததுபோல் அங்கேயே இருக்கிறது. பிறகு ஒரு வழியாக எழுந்து பிரேக்கில் விழுந்தது. அதற்குள் அவர் வண்டியை இடது பக்கம் ஒடித்துவிட்டார். கல்லை இடித்துத் தள்ளிக்கொண்டு வேன் நெல் மேல் ஏறி நின்றது. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் துள்ளி வாய்க்கால் ஓரத்துக்கு ஓடினாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் வந்திருப்பது யார் என்று பார்த்ததும் சண்டைக்கு வரவில்லை. பார்த்து வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லை எடுத்து வைக்கப் போனாள்.

"பிரேக்கு கொஞ்சம் இழுக்குது. ஆயில் மாத்தணும்," என்றார் மிக்கேல்ராஜ்.

அருள்மேரி அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் அவள் பதினோரு வருடமாக வேலை பார்ப்பது நரம்பியல் வார்டில்.

பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கையெழுத்துப் போட அவர் அலுவலகத்துக்கு நடந்துபோனார். வேன் கதவருகே நின்று அவள் பார்த்தாள். இடது கை வீசி நடந்தது. வலது கை விலாவோடு ஒட்டித் தொங்கியது. காலடி சின்னச் சின்னதாக விழுந்தது. சட்டையில் மேல் பொத்தான் கழன்றிருந்தது, அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. எந்நாளும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொள்ளும் மனிதர். தணிந்த குரல். அசையாத முகம்.

அந்த முகத்தை அவள் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறாள். வார்டுக்கு வரும் மனைவிமார் எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான். என் கணவருக்கு என்மேல் என்னவோ கோபம், சிரிப்பதே இல்லை, என்ன தப்புச் செய்தேன் என்று சொல்லவும் மாட்டேன் என்கிறார். அவர்களை உட்கார வைத்து, அது கோபம் இல்லை, முகத்தில் உள்ள தசைகள் சொன்னபடி கேட்கவில்லை, இது நடுக்குவாதம் என்று பொறுமையாக விளக்குவது அவள் வேலை. கை நடுங்காமலும் இந்த நோய் வரும் என்று அவளே நூறு முறை சொல்லியிருக்கிறாள். சொந்த அண்ணன் முகத்தைப் பார்த்து அது அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று நாளாக அவள் தன் குற்றத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்குத் தன்மேல் கோபமில்லை. அந்த நினைப்பில் ஒரு கணம் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதற்கே மறுகணம் வெட்கமாக இருந்தது.

ஆமினா தேங்காய்ச்சோறு ஆக்கி ஆட்டுக்கறி ஆணம் என்கிற குழம்பும் வைத்திருந்தாள். அவள் கணவர் ஹாஜா மைதீன் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் இரண்டு பேர்தான். பேசுவதற்கு ஐந்தரை வருடக் கதை இருந்தது. யார் யாருக்குக் கல்யாணமானது, எந்த டீச்சர் இறந்துபோனார், எந்த வீடு விற்றுப்போனது என்று ஆமினா வரிசையாகச் சொன்னாள். அருள்மேரி உம் கொட்டினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

எப்படிச் சொல்வது? ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. தன் கண்ணால் பார்த்தது மட்டும்தான். சொல்லிவிட்டால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். அண்ணனின் பிழைப்பு போய்விடும். முதலில் அவரிடம் பேசவேண்டும், பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

பேச்சு மகள்மேல் திரும்பியது. இந்தத் தெருவுக்கு மூன்று பள்ளி வேன் வருகிறதாம். ஏசி போட்டதுகூட ஒன்று இருக்கிறதாம். ஹாஜா மைதீன் அதில் அனுப்பலாம் என்றாராம்.

"நான்தான் கேக்கல. உங்க அண்ணன் ஓட்டுறாருன்னா நான் நிம்மதியா அடுப்பு வேலையப் பாப்பேன். வேற எவன் வண்டியில அனுப்பினாலும் மணியப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

அருள்மேரி தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

"இவளும் லேசுப்பட்டவ இல்ல," என்று ஆமினா தொடர்ந்தாள். போன வாரம் தஹ்மீனா நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கத்தோடு வந்திருக்கிறாள். ஓடுகிற வேனில் எழுந்து நின்றிருக்கிறாள், பிரேக் போட்டதும் கம்பியில் இடித்துக்கொண்டாள் என்று மிக்கேல்ராஜ் சொன்னாராம். பிள்ளை உட்கார்ந்துதான் இருந்தேன் என்று சாதித்திருக்கிறாள். "செய்யிறதையும் செஞ்சிட்டுப் பொய் வேற. முதுகுல நாலு வச்சேன். அடிச்சிட்டு நான்தான் ராத்திரி பூரா அழுதேன். பதினாலு வருஷம் தவமிருந்து பெத்த புள்ள."

காலையில் தஹ்மீனா கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது அருள்மேரியின் கண்முன் வந்து நின்றது. வாயைத் திறந்தாள். "ஆமினா," என்றாள். ஆமினா இன்னும் ஒரு கரண்டிச் சோற்றை அவள் தட்டில் வைத்து, இதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசு என்றாள்.

அவள் சாப்பிட்டாள். பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. செசிலி பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அருள்மேரி எதுவும் கேட்கும் முன்பே அவள் முகத்தைப் பார்த்துச் செசிலிக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"பாத்துட்டியா?"

"தெரிஞ்சுதான் என்னை அனுப்புனீங்களா அண்ணி?"

ஆயாவுக்குக் காய்ச்சலெல்லாம் இல்லை. வராதே என்று செசிலிதான் சொல்லியிருந்தாள். எட்டு மாதமாக அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அவள்தான். இரவில் புரண்டு படுக்க முடியாமல் அவர் அவளை எழுப்புவார். டாக்டரிடம் போகலாம் என்றால் வயசாகிறது, அதுதான் என்பார். வற்புறுத்தினால் எழுந்து வெளியே போய்விடுவார். என்ன நோய் என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ நோய் என்று மட்டும் தெரியும். லியோவிடமோ வேறு யாரிடமோ சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். அருள்மேரியைப் பார்க்க வைக்கக்கூடாது என்று வாங்கவில்லை.

"சொல்லல நான். ஒன் கண்ணுல படட்டும்னு வண்டியில ஏத்திவுட்டேன். வேற வழி தெரியல எனக்கு," என்று சொல்லிவிட்டுச் செசிலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மிக்கேல்ராஜ் கூடத்தில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வேண்டிய சாமான்களைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அருள்மேரி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தாளைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கி, போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்வதுபோல் முடிந்திருந்தது.

"அண்ணே, என்மேல கோவமா?"

"கோவமா? எதுக்கு?"

"அம்மாவுக்கு நான் வரல. அப்பறமும் வரல. அதான் நீங்க என்னப் பாத்து ஒரு தடவகூடச் சிரிக்கலன்னு நெனச்சேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். குழம்பிப்போனவராக அவளையே பார்த்தார்.

"என்ன சொல்ற அருளு? நீ வந்து எறங்குனதுலேர்ந்து நான் சிரிச்சிக்கிட்டுதானே இருக்கேன்."

அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

அருள்மேரி அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. அவர் பதறிப்போய் என்ன என்ன என்று கேட்டார். அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, சிரியுங்கள் என்றாள். அவர் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள். டாக்டர் பார்த்து உறுதிசெய்யவேண்டும், ஆனால் தனக்கு அநேகமாகச் சந்தேகமில்லை என்றாள். இதனால் உடனே உயிருக்கு ஆபத்தில்லை, மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் கை கால் இதைவிட நன்றாகவே இயங்கும், பல வருடம் நடமாடலாம் என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், இனி வேன் ஓட்டக்கூடாது என்று அவள் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் விடச் சொன்னார். நாலே நாள். வேன் நின்றால் ஏன் என்று ஊர் கேட்கும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நரம்பு நோய் என்று தஞ்சாவூர்க்காரர்கள் காதில் விழுந்தால் அவர்கள் வரவே மாட்டார்கள். லியோ அந்தப் பெண்ணை எவ்வளவு ஆசையாகப் பேசுகிறான் தெரியுமா என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, இந்த நாலு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றாள் அருள்மேரி. இன்றைக்கு மூன்றே முக்கால் மணிக்குப் பள்ளி விடும். அதற்கு வழி சொல்லுங்கள் என்றாள். அவர் பேனாவை எடுத்துத் தாளைப் பார்த்தார். அவளுக்குக் கேட்க மனமில்லை. ஆனாலும் கேட்டாள்.

"அண்ணே, தஹ்மீனா எந்திரிச்சு நின்னாளா?"

கூடத்துச் சுவரில் புதிதாக அடித்த சுண்ணாம்பின் ஈரம் இன்னும் காயவில்லை. மிக்கேல்ராஜ் பார்வையை அதன்மேல் திருப்பினார்.

"இல்ல," என்றார். "ஒக்காந்துதான் இருந்தா. மாடு குறுக்க வந்துச்சு. காலு வரல. அப்பறம் ஒரேடியா அழுத்திட்டேன்." சற்றுப் பொறுத்து, "அவ உம்மா அடிச்சாளாம். மறுநாள் வண்டியில ஏறுறப்ப அந்தப் புள்ள என்னப் பாத்துச்சு. ஒண்ணும் சொல்லல. சும்மா பாத்துச்சு," என்றார்.

பிறகு போனை எடுத்தார். எண்ணை அழுத்த விரல் தடுமாறியது. அருள்மேரி வாங்கி அழுத்திக் கொடுத்தாள். துரைக்கண்ணு அவருக்கு நெடுநாள் கூட்டாளி, மினிபஸ் ஓட்டி ஓய்ந்தவர். இன்றைக்கு வண்டியை எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். காரணம் சொல்லவில்லை. துரைக்கண்ணுவும் கேட்கவில்லை.

தானும் கூட வருவேன் என்று மிக்கேல்ராஜ் பிடிவாதமாகச் சொன்னார். எந்தப் பிள்ளை எந்த வீடு என்று துரைக்கண்ணுவுக்குத் தெரியாதாம். அருள்மேரி தடுக்கவில்லை.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். டிரைவர் மாமா இடது பக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். கைவலி என்றார். வழி நெடுக, இந்த வாய்க்கால் மதகு தாண்டி நிறுத்து, அந்தப் பச்சைக் கேட்டு வீடு என்று துரைக்கண்ணுவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்திருந்த அருள்மேரிக்கு அந்தத் தணிந்த குரல் இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

பள்ளிவாசல் தெருவில் ஆமினா வழக்கம்போல் வாசலுக்கு வந்துவிட்டாள். தஹ்மீனா இறங்கினாள். கூடவே மிக்கேல்ராஜும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். இறங்கி நிலைகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னண்ணே, நீங்க இந்தப் பக்கம் ஒக்காந்து வர்றீங்க?" என்று ஆமினா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"கையும் காலும் சரியில்ல ஆமினா. கொஞ்ச நாளாவே சரியில்ல. இனிமே நான் ஓட்டப்போறதில்ல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "போன வாரம் தஹ்மீனா எந்திரிச்சு நிக்கல. ஒக்காந்துதான் இருந்தா. நான் பிரேக்க நேரத்துக்குப் போடல. ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

ஆமினாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் முதலில் மகளைத்தான் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்ல உம்மா," என்றாள் தஹ்மீனா மெதுவாக.

ஆமினா குனிந்து மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அந்த நெற்றியை உள்ளங்கையால் தடவினாள். மிக்கேல்ராஜ் தலை குனிந்தபடி நின்றார். ஆமினா ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். "வெயில்ல நிக்காதீங்கண்ணே, போய் வண்டியில ஒக்காருங்க," என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

அவர் திரும்பி ஏறினார். அருள்மேரி இறங்கி ஆமினா அருகே வந்தாள். ஆமினா நிமிர்ந்தாள்.

"நீ நரம்பு வார்டுலதானே வேல பாக்குற?"

"ஆமா."

"காலையில கூடவே வந்த. என் வீட்டுல ஒக்காந்து சாப்பிட்டப்ப ஒனக்குத் தெரியுமா அருளு?"

பொய் சொல்ல எளிதான வழி இருந்தது. சந்தேகம்தான், உறுதியில்லை என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் இல்லை.

"தெரியும்," என்றாள் அருள்மேரி.

ஆமினா மகளின் தோளிலிருந்து புத்தகப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு ஓசையில்லாமல் மூடியது. அறைந்தே சாத்தியிருக்கலாம் என்று அருள்மேரிக்குத் தோன்றியது.

மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். மிக்கேல்ராஜ் பாயை விரித்துப் படுத்தார். பல மாதங்களுக்குப் பிறகு பகலில் அசந்து தூங்கினார். லியோவிடம் நானே சொல்கிறேன் என்று செசிலி சொன்னாள். பெண் வீட்டாருக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது, சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமை விருந்து வைப்பதா என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. வந்து பார்த்துப் பிடித்துப்போன பிறகு சொல்லலாம் என்றாள் அண்ணி. ஒளித்துவைத்தது இன்றைக்கு ஒரு நாளிலேயே எங்கே கொண்டுவந்து விட்டது என்று அருள்மேரி கேட்டாள். செசிலி விளக்கேற்றப் போனாள். மறுநாள் காலை பத்தரைக்குத் தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்க அருள்மேரி போனில் நேரம் வாங்கி வைத்தாள்.

மாதாகோவில் மணி ஆறு அடித்து ஓய்ந்தபோது செசிலியின் போன் ஒலித்தது. அவள் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

ஆமினாதான். டாக்டரிடம் எப்போது போகிறார்கள் என்று விசாரித்தாளாம். நாளைக் காலை தஞ்சாவூரில் என்று செசிலி சொன்னாளாம். மிக்கேல்ராஜ் அண்ணன் பஸ்ஸில் ஏறி இறங்கவேண்டாம், ஹாஜா மைதீன் காரை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு வாசலுக்கு வந்துவிடுவார் என்றாளாம். அண்ணனை ஒன்றும் யோசிக்காமல் தூங்கச் சொன்னாளாம்.

அருள்மேரி செசிலியின் முகத்தைப் பார்த்தாள். "வேற?" என்று கேட்டாள்.

செசிலி தயங்கினாள்.

"தானும் கூட வர்றதா இருந்தாளாம். அருளு வர்றாளான்னு கேட்டா. ஆமான்னேன். அப்ப நான் வரலன்னுட்டு வச்சிட்டா."

அருள்மேரி கொடியில் கிடந்த துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள்.

"இப்ப அங்கயா போற? அவ கதவத் தொறப்பாளா?" என்று பின்னாலிருந்து செசிலி கேட்டாள்.

"தெரியல அண்ணி," என்று சொல்லிவிட்டு அருள்மேரி தெருவில் இறங்கினாள்.